நடைக்காலணியும் தேய்மானக் கணக்கும்

அட்சய திருதியை நெருங்கும் நாள்களில் வங்கிக் கிளைகளில் ஒருவகைப் பணமெடுப்பு கூடும். ஓய்வூதியர்கள் துணையுடன் வந்து, வைப்புத்தொகையில் ஒரு பகுதியைக் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைக்கென எடுத்துச் செல்வர். ரயில் கட்டணம், விடுதி வாடகை, கம்பளி உடை, மருந்து என எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருப்பர். அந்தத் தாளில் காலணிக்கென ஒரு வரி இருப்பதை அரிதாகவே கண்டிருக்கிறேன். இருந்தாலும் அது கடைசி வரியாகவே இருக்கும்.

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடைவழி. கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. குதிரை, டோலி, ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தாலும் நடந்தே செல்பவர்களின் கூட்டம் குறைவதில்லை. பெரும்பகுதி கல் பாவிய பாதை. கோவேறு கழுதைகளின் சாணமும் ஊற்று நீரும் கலந்து கல்லின் மேல் வழுக்கலாகப் படிந்திருக்கும். டேராடூன் கிளையில் பணியாற்றிய ஆண்டுகளில் இருமுறை அவ்வழியே நடந்தேன். மூச்சு வாங்கி நின்றவர்கள் சற்று அமர்ந்து, மீண்டும் எழுந்து நடந்தார்கள். கால் கெட்டவர்களோ அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அவர்களுள் ஒருவரை மறக்க இயலவில்லை. லிஞ்சோலிக்குச் சற்றுக் கீழே, திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பாதையோரத் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருடைய இரு பூட்ஸ்களின் அடித்தளமும் கேக் துண்டுபோல உதிர்ந்து கிடந்தது. “தம்பி, பெட்டியைப் பிரித்து மூன்று நாள்கூட ஆகவில்லை” என்றார். வாங்கியது எப்போது என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்த மகன் வாங்கித் தந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்றும், யாத்திரைக்கென்றே பரணில் பத்திரப்படுத்தி வைத்திருந்ததாகவும் சொன்னார். விலை உயர்ந்த, பெயர் பெற்ற காலணி அது. ஒருநாளும் நடக்காமலேயே அதன் ஆயுள் முடிந்திருந்தது.

கணக்கியலில் நாம் தேய்மானம் என்று சொல்வது இதைத்தான். சொத்து, பயன்படுத்துவதால் மட்டும் மதிப்பிழப்பதில்லை. காலம் கடப்பதாலும் இழக்கிறது. தமிழில் இச்சொல் காலணிக்கும் கணக்கேட்டுக்கும் பொதுவாக அமைந்தது நல்ல பொருத்தம்.

பரணில் நடந்தது என்ன?

நடைக்காலணியின் அடிப்பகுதி பொதுவாக மூன்று அடுக்குகள் கொண்டது. தரையைத் தொடுவது புறத்தளம். பாதத்தைத் தொடுவது உள்தளம். இவற்றுக்கிடையே அதிர்ச்சியைத் தாங்குவது இடைத்தளம். இந்த இடைத்தளம் பெரும்பாலும் ஈ.வி.ஏ. எனப்படும் நுரையாலோ பாலியூரித்தேன் நுரையாலோ செய்யப்படுகிறது.

பாலியூரித்தேன் நெடுநாள் அழுந்தாமல் தாங்கும்; ஆகவே உயர்ந்த விலைக் காலணிகளில் அதை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அதன் பல வகைகளுக்கு ஒரு பகை உண்டு. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இது விரைவாக நடக்கும். மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் பரண், பிளாஸ்டிக் பை, மூடிய பெட்டி ஆகியவை இதற்கு மிகவும் ஏற்ற இடங்கள். அடிக்கடி அணியும் காலணியில் நுரை அழுந்தி விரிந்து ஈரத்தை வெளியேற்றுவதால், அணியாமல் வைத்ததைவிட அது நீண்டநாள் நிற்பதும் உண்டு. ஈ.வி.ஏ. இவ்வாறு உதிராது, ஆனால் நடக்க நடக்க அழுந்தித் தட்டையாகிவிடும்.

எனவே பழைய காலணியை எடுத்துப் பயணம் புறப்படுவோர், இடைத்தளத்தின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடுகளாக வெடிப்போ, பிசுபிசுப்போ, பொடி உதிர்வோ தெரிந்தால் அதை மலைக்குக் கொண்டுசெல்லக் கூடாது. எதுவும் தெரியாவிட்டாலும், ஊரில் ஒரு வாரம் அணிந்து நடந்த பிறகே அதை நம்பலாம்.

விலையும் செலவும்

விலை என்பது கடையில் தருவது. செலவு என்பது பயன்பாட்டைக் கொண்டு கணக்கிடுவது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் எண்களை இட்டுக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் நடப்பவர் 1,200 கிலோமீட்டர் நடக்கிறார். 1,200 ரூபாய்க் காலணி 500 கிலோமீட்டர் தாங்கினால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு. 4,000 ரூபாய்க் காலணி 1,200 கிலோமீட்டர் தாங்கினால் 3 ரூபாய் 33 காசு. 9,000 ரூபாய்க்குத் தோல் பூட்ஸ் வாங்கி, பின்னர் 2,500 ரூபாய்க்கு அடித்தளம் மாற்றி, மொத்தம் 3,000 கிலோமீட்டர் நடந்தால் 3 ரூபாய் 83 காசு. விலை உயர்ந்தது இறுதியில் மலிவாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அன்றாட நடையாளருக்கு இந்தக் கணக்கு அதை மெய்ப்பிக்கவில்லை. வேறுபாடு கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஒன்றரை ரூபாய்க்கு வசதியும் பிடிப்பும் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி.

இனி, அதே 9,000 ரூபாய் பூட்ஸை ஒரே ஒரு கேதார்நாத் பயணத்துக்கு வாங்குகிறோம் என்று கொள்வோம். ஏறி இறங்க 32 கிலோமீட்டர். ஊரில் ஒருநாள் நடந்து பார்த்த 4 கிலோமீட்டரையும் சேர்த்தால் 36. பிறகு பரண். கிலோமீட்டருக்கு 250 ரூபாய் ஆகிறது. வாடகைக் கார்கூட இவ்வளவு கேட்காது.

ஆகவே என் பரிந்துரை எளியது: யாத்திரைக்கென்று தனிக் காலணி வாங்க வேண்டாம். அன்றாடம் காலையில் பூங்காவில் அணிந்து நடக்கக்கூடிய, அதே சமயம் மலைப்பாதைக்கும் ஈடுகொடுக்கக்கூடிய ஒன்றை வாங்கி, அதையே அணிந்து மூன்று மாதம் நடந்து பழகிப் பின் செல்வதே நன்று. அமர்நாத் ஆலய வாரியம் யாத்திரைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாளும் 4 முதல் 5 கிலோமீட்டர் நடந்து பழகுமாறு பக்தர்களுக்கு அறிவுறுத்துகிறது. செருப்பு அணிந்து வர வேண்டாம் என்றும், நாடா கட்டிய மலைநடைக் காலணியே தகும் என்றும் அது சொல்கிறது. இவ்விரு அறிவுரைகளையும் ஒரே காலணியால் நிறைவேற்றிவிடலாம்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல், இணை ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு மேல் 18 விழுக்காடு. வரிக்கு முன் 2,500 ரூபாயுள்ள காலணி வரியுடன் 2,625 ஆகும். 2,600 ரூபாயுள்ளது 3,068 ஆகிவிடும். நூறு ரூபாய் வேறுபாடு 443 ரூபாயாக வளர்கிறது. இந்த எல்லைக்கோட்டின் அருகே வாங்குவோர் இதனை நினைவில் கொள்ளலாம். ஆனால் வரியை மிச்சப்படுத்துவதற்காகக் காலைக் கடிக்கும் காலணியை வாங்குவது, வரிச்சலுகைக்காகத் தேவையற்ற பாலிசி எடுப்பதைப் போன்றது.

பொருத்தமே முதல்

நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவெண்களே வழங்குகின்றன. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. ஐரோப்பிய எண்ணில் ஒரு படி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் ஆறே முக்கால் மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. அதனால்தான் பெட்டியில் அச்சிட்ட மாற்று அட்டவணை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இணையத்தில் வாங்குவோர் எண்ணைப் பாராமல், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து ஒப்பிடுவது நல்லது.

நீளத்தைவிட அகலமே நமக்குச் சிக்கல். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்க்கெனத் தனி அளவுமுறை உருவாக்க முனைந்தது. நம் பாதங்கள் மேலைநாட்டார் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என்பது அதில் தெரியவந்தது. அகலம் போதாதபோது நாம் செய்வது என்ன? ஓர் எண் பெரியதாக வாங்குகிறோம். அகலம் சரியாகிறது, ஆனால் நீளம் மிகுந்து, குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் குதிகாலில் கொப்புளமும், இறக்கத்தில் விரல் நுனியில் இடியும் இவ்வாறு வருபவையே. அகல வார்ப்பில் கிடைக்கும் காலணியைக் கேட்டு வாங்குவதே சரியான வழி.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. தடித்த தாளின் மேல் முழு எடையுடன் நின்று, பாதத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். மாலையில் வரைவது நன்று, ஏனெனில் நாளெல்லாம் நடந்த பாதம் சற்றுப் பருத்திருக்கும். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை; இரண்டையும் வரைந்து, பெரியதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தாளைக் காலணிக்குள் நுழைக்கும்போது ஓரம் மடங்கினாலோ சுருங்கினாலோ அந்தக் காலணி உங்களுக்கு உரியதன்று.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தத் தாள் மிக இன்றியமையாதது. அவர்களுள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். “இறுக்கமாக இல்லை” என்று அவர்கள் சொல்வதை அவர்களே நம்ப முடியாது. பிறர்க்குக் கொப்புளம் ஒரு வாரத் தொல்லை. அவர்களுக்கு அது ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். ஒவ்வொரு முறையும் அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல், மடிப்பு, நூல் முடிச்சு உண்டா எனத் தடவிப் பார்ப்பதும், நாள்முடிவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவர்களுக்குக் கட்டாயம். யாத்திரைக்கு முன் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டுவோர் பாதத்தையும் காட்டிவிட வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை பிறவும் உள. பயணத்தில் அணியவிருக்கும் காலுறையுடன் செல்லுங்கள். நாடாவைத் தளர்த்திப் பாதத்தை முன்னுக்குத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நாடாவைக் கட்டியபின் விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். குதிகால் எழக் கூடாது. பிறகு படியிறங்கிப் பாருங்கள். கடையின் சமதளத்தில் எல்லாக் காலணியும் நன்றாகவே தோன்றும். இறங்கும்போது பெருவிரல் முன்னே இடித்தால், கேதார்நாத்திலிருந்து திரும்பும் 16 கிலோமீட்டரும் அது இடிக்கும். பெருவிரல் நகம் கறுத்துத் திரும்பியவர் பலர். பெண்களுக்கெனத் தனி வார்ப்பில் செய்த காலணிகள் குதிகால் குறுகி அமைந்திருக்கும். ஆண்களுக்கானவற்றில் சிறிய எண்ணை எடுத்துத் தரும் விற்பனையாளரிடம் அதைக் கேட்டுப் பெறலாம். “போடப் போட இளகிவிடும்” என்ற சொல்லை நம்ப வேண்டாம். தோல் சற்று இளகும். செயற்கைத் துணி இளகாது. நீளம் எதிலும் கூடாது.

அடித்தளம், மேற்பகுதி, எடை

1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் புந்தா ரசிகா என்ற சிகரத்தில், வானிலை திடீரென மாறியதால் மலையேறிகள் அறுவர் உயிரிழந்தனர். அவர்களின் தோழரான விட்டாலே பிரமானி, அவர்கள் அணிந்திருந்த காலணிகள் போதாமையே அதற்குக் காரணங்களுள் ஒன்று எனக் கருதினார். பிரெல்லி டயர் நிறுவனத்தின் துணையுடன், ஆழ்ந்த பற்களுடைய ரப்பர் அடித்தளத்தை 1937-இல் உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்த விப்ரம் என்ற பெயரை இன்று பல காலணிகளின் அடியில் மஞ்சள் எண்கோண முத்திரையில் காணலாம்.

ஆழ்ந்த பற்கள் சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் பிடிக்கும். ஆனால் நம் யாத்திரைப் பாதைகள் பெரும்பாலும் ஈரக்கல். அங்கே பற்களின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மையும், கல்லைத் தொடும் பரப்பும் முக்கியம். கெட்டியான பிளாஸ்டிக் அல்லது பி.வி.சி. தளம் எவ்வளவு ஆழமான பற்கள் கொண்டிருந்தாலும் ஈரக்கல்லில் சறுக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றுக் குழிந்து மீளும் ரப்பரே வேண்டும். காலணியை இரு கைகளாலும் வளைத்தால், விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதவளைவுக்குத் தாங்கல் இல்லை. குதிகாலைச் சுற்றிய பகுதியை அழுத்தினால் அமுங்கக் கூடாது.

எடையில் சிக்கனம் தேவை. 16 கிலோமீட்டருக்குச் சுமார் 24,000 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 12,000. ஒரு காலணி 200 கிராம் கூடுதலாக இருந்தால், ஒரு கால் மட்டும் நாளில் 2,400 கிலோ கூடுதலாகத் தூக்குகிறது. முதுகில் பெரும்பொதி சுமக்காத யாத்திரிகருக்கு, கனத்த படைவீரர் பூட்ஸ் தேவையில்லை. கணுக்காலை மூடும் நடுத்தர உயரமுள்ள, எடை குறைந்த காலணி போதும். கணுக்கால் ஒருமுறை பிசகியவர்களுக்கு அந்த உயரம் நல்ல துணை.

நீர் புகாச் சவ்வு வைத்த காலணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாகக் கேட்பர். பனியில் நடப்பவர்க்கு அது தகும். ஆனால் நம் சமவெளியின் வெப்பத்தில் வியர்வை முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே ஊறும். மேல்வழியாக மழைநீர் புகுந்துவிட்டால் உலர நாள்கணக்காகும். அன்றாடம் அணியப்போகும் காலணிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மேற்பகுதி தோலாயின், மேலடுக்கு உரிக்கப்படாத முழுத்தோலே நீண்டநாள் உழைக்கும். பிளந்த அடித்தோலின் மேல் பளபளப்பான பூச்சு பூசியது முதலில் அழகாகத் தோன்றி, மடிப்புகளில் சீக்கிரம் வெடிக்கும்.

காலுறையில் தூய பருத்தியைத் தவிர்க்கலாம். அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரமான தோல் எளிதில் உரியும். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்தது நல்லது.

தையலா, பசையா?

இன்று விற்பனையாகும் நடைக்காலணிகளில் மிகப் பெரும்பான்மை பசையால் ஒட்டப்பட்டவை. அது குறையன்று, எடை குறையும், விலையும் குறையும். ஆனால் அடித்தளம் தேய்ந்தபின் புதியது பொருத்துவது கடினம். ஓரப்பட்டை வைத்துத் தைத்த பூட்ஸுக்கு அடித்தளத்தை எளிதில் மாற்றிப் புத்துயிர் தரலாம். ஆக்ராவிலும் கான்பூரிலும் ஆம்பூரிலும் இவ்வகை வேலை தெரிந்த கைகள் இன்றும் உள்ளன. உங்கள் ஊரில் அடித்தளம் மாற்றித் தருபவர் இல்லையெனில், மாற்றத்தக்க பூட்ஸுக்கு மிகுந்த விலை தருவதில் பொருளில்லை.

பசை விடத் தொடங்கினால் தெருமுனையில் காலணி தைப்பவரிடம் சுற்றுத் தையல் போட்டுக்கொள்வது நம் நாட்டுக்கே உரிய நல்வாய்ப்பு. நாற்பது ரூபாயிலோ ஐம்பது ரூபாயிலோ ஆண்டுக்கணக்கில் ஆயுள் கூடலாம். நீர் புகாக் காலணியில் மட்டும் அத்தையல் துளைகள் வழியே நீர் புகும். மலைக்குப் புறப்படுமுன் ஐயத்துக்குரிய காலணிக்கு இத்தையலைப் போட்டுக்கொள்வதும், பையில் உறுதியான துணி ஒட்டுநாடா ஒரு சுருள் வைத்துக்கொள்வதும் அறிவுடைமை. பாதத்தில் எங்கேனும் சூடுபோல எரிச்சல் தோன்றினால், உடனே நின்று மருந்துக்கடை ஒட்டுநாடாவை அவ்விடத்தில் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழுந்தபின் ஒட்டுவதில் பயன் குறைவு. இறக்கம் தொடங்குமுன் மறவாமல் நாடாவை அவிழ்த்து, குதிகாலைப் பின்னுக்குத் தட்டி, மேற்பாதத்தின்மேல் இறுக்கிக் கட்டுங்கள்.

நனைந்த காலணியை அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ உலர்த்தக் கூடாது. தோல் வெடிக்கும், பசை இளகும். உள்தளத்தை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். தாளை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

இறுதியாக, ரசீது. பல நிறுவனங்கள் தயாரிப்புக் குறைக்குச் சில மாத உத்தரவாதம் தருகின்றன; ரசீது இல்லாமல் அது செல்லாது. இன்றைய வெப்பத்தாள் ரசீதுகள் சில மாதங்களில் மங்கி வெண்மையாகிவிடும். வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். காலணியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு மெய்யா என்று பார்க்கலாம். கடைக்காரர் உத்தரவாதத்தை ஏற்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்த ரசீதாகவே இருக்கும்.